கண்டத்தின் விளிம்பைச் சேற்றை வைத்துப் படிப்பது எப்படி: வங்காள விரிகுடாவை விரித்துவைத்து ஒரு பாடம்

கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் புரோ இருந்தால் இப்போதே திறந்துகொள்ளுங்கள். இலவசம்தான். போனில் இருக்கும் செயலி போதாது, கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளும் பதிப்பு வேண்டும். புதுச்சேரிக் கடற்கரையில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து நேர் கிழக்கே 200 கிலோமீட்டருக்கு ஒரு கோடு இழுங்கள். கோட்டின் அமைப்புக்குள் போய் 'ஆல்டிடியூட்' பக்கத்தில் 'கிளாம்ப்டு டு சீ ஃப்ளோர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இதை விட்டுவிட்டால் கோடு கடல்மட்டத்திலேயே மிதந்துகொண்டிருக்கும், தரை தெரியவே தெரியாது, பலரும் இங்கேதான் சலித்துப்போய் மூடிவைத்துவிடுகிறார்கள். அப்புறம் கோட்டின்மேல் வலது கிளிக் செய்து 'ஷோ எலிவேஷன் புரொஃபைல்' கொடுங்கள். கீழே கடல் தரையின் வெட்டுத்தோற்றம் விரியும்.

முதலில் கொஞ்ச தூரம் தரை கிட்டத்தட்ட மட்டமாகப் போகும். அதுதான் கண்டத்திட்டு. 100 முதல் 200 மீட்டர் ஆழம் வரும் இடத்தில் ஒரு விளிம்பு, அதற்கப்பால் தரை சட்டென்று இறங்கும், அது கண்டச்சரிவு. கோடு முடியும் இடத்தில் ஆழம் 3000 மீட்டரைத் தாண்டியிருக்கும். இந்தக் கரையில் மீன்பிடிப்பவர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், அதாவது ஆறடி. நூறு பாகம் வரை கணக்கு வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த விளிம்பைத் தாண்டியதும் கயிறு எட்டாது.

இப்போது இரண்டாவது கோடு. சுந்தரவனத்துக்குத் தெற்கே தொடங்கி, ஏறத்தாழ 88 டிகிரி கிழக்கு ஒட்டியே நிலநடுக்கோடு வரை இறங்குங்கள். 2300 கிலோமீட்டர் வரும். இதன் வெட்டுத்தோற்றத்தைப் பாருங்கள். வடக்கே திட்டு முடிந்து இறங்கும் கொஞ்ச தூரத்தை விட்டுவிட்டால், மிச்சமெல்லாம் ஒரே நிதானமான இறக்கம். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில்தான் தரை தாழ்கிறது. காவிரி டெல்டாவின் வயல்வெளியில் வாய்க்கால் தண்ணீர் எவ்வளவு மெதுவாக ஓடுமோ அப்படி ஒரு வாட்டம், அதுவும் நாலரை கிலோமீட்டர் ஆழம் வரை.

ஒரே கடல், இரண்டு கோடுகள். ஒன்று செங்குத்தாக விழுகிறது, இன்னொன்று படுத்துக்கிடக்கிறது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் சேறு. ஒரு கண்டத்தின் விளிம்பு எப்படி இருக்கும் என்பதை, அது உடைந்து பிரிந்த நாளில் நடந்ததைவிட, அதற்கப்புறம் கோடிக்கணக்கான வருஷங்களாக அதன்மேல் வந்து விழுந்த வண்டல்தான் அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கண்டத்திட்டு, கண்டச்சரிவு, கண்ட உயர்ச்சி, ஆழ்கடல் சமவெளி என்று நாலு பெயரையும் ஒரு படத்தையும் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். அந்த நாலும் வண்டல் நிற்கும் இடம், சரியும் இடம், குவியும் இடம், பரவும் இடம் என்று யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்கு அந்தப் படம் பத்து வருஷம் முன்னாடியே புரிந்திருக்கும்.

படத்தை நம்புவதற்கு முன்

இரண்டு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். கூகுள் எர்த்தோ வேறு எந்த மென்பொருளோ, வெட்டுத்தோற்றத்தின் உயரத்தை இழுத்துக் காட்டும். 200 கிலோமீட்டர் அகலத்தையும் 3 கிலோமீட்டர் ஆழத்தையும் ஒரே அளவில் வரைந்தால் திரையில் ஒரு கோடுதான் தெரியும், அதனால் உயரத்தைப் பல மடங்கு பெரிதாக்குகிறார்கள். மலைமுகடு மாதிரித் தெரியும் கண்டச்சரிவின் உண்மையான சாய்வு பெரும்பாலும் 3, 4 டிகிரிதான். சைக்கிளில் ஏறிவிடலாம். ஆகவே எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் இரண்டு அச்சிலும் உள்ள எண்களைப் படித்து, இறக்கத்தைத் தூரத்தால் வகுத்து, சாய்வை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, கடல் தரையில் சுமார் கால்பங்குதான் கப்பலில் போய் ஒலி அனுப்பி அளக்கப்பட்டது. மீதி, செயற்கைக்கோள் கடல்மட்டத்தின் மேடுபள்ளத்தை அளந்து, அதிலிருந்து ஊகித்தது. கடலடியில் ஒரு மலை இருந்தால் அதன் ஈர்ப்பு தண்ணீரைச் சற்றே தன்பக்கம் இழுத்துக் குவிக்கும், அந்தக் குவியலைத்தான் செயற்கைக்கோள் பார்க்கிறது. படத்தில் சில இடங்களில் ரயில் தண்டவாளம் போல நேர்க்கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அவை கப்பல் போன தடம். அந்தத் தடத்துக்குள் இருப்பது அளந்தது, வெளியே இருப்பது ஊகம். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விரும்பினால் கெப்கோ என்ற சர்வதேச அமைப்பின் ஆழ வரைபடத் தரவை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். எந்தச் சதுரம் அளந்தது, எந்தச் சதுரம் ஊகித்தது என்பதையும் அதோடு சேர்த்தே தருகிறார்கள்.

வண்டல் எவ்வளவு என்று முதலில் எண்ணுங்கள்

எந்த விளிம்பைப் படிப்பதாக இருந்தாலும் முதல் கேள்வி: எந்த ஆறு, வருஷத்துக்கு எவ்வளவு மண்? கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து வருஷத்துக்கு ஏறக்குறைய 100 கோடி டன் கொண்டுவருகின்றன. இந்த எண்ணைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டுமானால் லாரியாக்கிப் பாருங்கள். பத்து டன் லாரி என்றால் வருஷத்துக்குப் பத்துக் கோடி லாரி, ஒரு நிமிஷத்துக்கு 190. நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் பத்துப் பதினைந்து லாரி மண் இறங்கியிருக்கும். பெரும்பகுதி இமயமலையைத் தேய்த்து வந்தது.

அது முழுக்க ஆழ்கடலுக்குப் போவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வங்கதேசத்தின் வெள்ளச் சமவெளியிலும் டெல்டாவிலுமே தங்கிவிடுகிறது, ஒரு பங்கு கண்டத்திட்டில் கடலுக்குள்ளேயே ஒரு டெல்டாவாகப் படிகிறது, ஒரு பங்குதான் ஒரு பெரிய கடலடிப் பள்ளத்தாக்கு வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. அந்தப் பள்ளத்தாக்குக்கு ஆங்கிலேய மாலுமிகள் வைத்த பெயர் ஸ்வாட்ச் ஆஃப் நோ கிரவுண்ட். ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால் தரை தட்டாத பட்டை என்று பொருள். சுந்தரவனத்துக்குத் தெற்கே, ஆழமில்லாத திட்டின் நடுவே, யாரோ அரிவாளால் கீறிவிட்ட மாதிரித் தெரியும். வரைபடத்தில் கண்டுபிடித்துவிடுங்கள், இனி நாம் போகப்போவது அந்த வழியாகத்தான்.

பாட்டிலும் மீன்தொட்டியும்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து படித்துவிட்டுத் தாண்டிப் போகாதீர்கள், செய்து பாருங்கள். நான் எத்தனையோ கட்டுரை படித்தும் பிடிபடாத விஷயம் ஒரு மீன்தொட்டி முன்னால் உட்கார்ந்த அரைமணி நேரத்தில் பிடிபட்டது.

ஒரே அளவில் இரண்டு பாட்டில். இரண்டிலும் ஒரு கைப்பிடி ஆற்று மணல், ஒரு கைப்பிடி குளத்துக் களிமண். இரண்டிலும் தண்ணீர் நிரப்பி, ஒன்றில் மட்டும் லிட்டருக்கு 35 கிராம் கல்லுப்பு போட்டுக் கரையுங்கள், கடல்நீரின் உப்பு அவ்வளவுதான். நன்றாகக் குலுக்கி ஜன்னலோரம் வையுங்கள். மணல் சில விநாடியில் அடியில் உட்காரும். அதன்மேல் நுண்மணல் சில நிமிஷத்தில். களிமண் மட்டும் தொங்கிக்கொண்டே இருக்கும். சாதாரணத் தண்ணீர் பாட்டில் மறுநாள் காலையிலும் டீ மாதிரிக் கலங்கித் தெரியும், உப்புத் தண்ணீர் பாட்டில் அதற்கு வெகு முன்னாலேயே தெளிந்துவிடும். களிமண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருப்பதை உப்பு தடுக்கிறது, அவை ஒட்டிக்கொண்டு திரிதிரியாகிப் பாரம் கூடி இறங்குகின்றன. ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்திலேயே இவ்வளவு சேறு படிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது மீன்தொட்டி. மூன்றடி நீளமாவது இருக்க வேண்டும். ஒரு முனைக்கடியில் இரண்டு தடித்த புத்தகம் வைத்துச் சாய்த்து, உப்புத் தண்ணீர் நிரப்பி, அலை அடங்கும்வரை காத்திருங்கள். ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் களிமண்ணை லேசாகக் கரைத்து, உயர்ந்த முனையில் கண்ணாடியை ஒட்டி மெதுவாக ஊற்றுங்கள். எதிர்பார்த்த மாதிரி நடக்காது, கலங்கல் மேலேயே மிதந்து பரவும்! நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது, கொஞ்சம் மண்ணைச் சுமந்திருந்தாலும் அது மூழ்காது. லிட்டருக்கு ஏறத்தாழ 40 கிராமுக்கு மேல் மண் இருந்தால்தான் அடியில் போகும். உலகத்தின் பெரும்பாலான ஆறுகள் சாதாரண நாளில் அந்த அளவைத் தொடுவதில்லை. ஆகவே ஆற்றுச் சேறு நேராக ஆழ்கடலுக்கு ஓடிவிடுகிறது என்று நினைக்கக் கூடாது. முதலில் திட்டின் ஓரத்திலும் பள்ளத்தாக்கின் தலைமாட்டிலும் படிந்து குவிகிறது. புயலோ நிலநடுக்கமோ, தன் பாரமோ குலுக்கி விடும்போதுதான் இரண்டாவது பயணம் தொடங்குகிறது.

அந்த இரண்டாவது பயணத்தைப் பார்க்க, இப்போது களிமண்ணையும் நுண்மணலையும் கெட்டியாக, தோசைமாவு பதத்துக்குச் சற்று நீர்த்த பதத்தில் கரைத்து ஊற்றுங்கள். கலங்கல் அடியோடு படிந்து, சாய்வில் ஓட ஆரம்பிக்கும். முன்னால் தடித்த ஒரு தலை, அது சற்றே எழும்பி, உருண்டை உருண்டையாகச் சுருண்டு பின்னால் போய்க்கொண்டே முன்னேறும். அதற்கு மேலே இருக்கும் தண்ணீர் அப்படியே தெளிவாக நிற்கும், ஒன்றும் நடக்காத மாதிரி. தலை எதிர்க் கண்ணாடியில் மோதித் திரும்பும். எல்லாம் அடங்கியபின் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் மெல்லிய ஒரு படலம் தெரியும்: அடியில் மணல், மேலே போகப்போக நுண்மை, உச்சியில் களிமண். ஒரு நாள் விட்டு மறுபடி ஊற்றினால் அதன்மேல் இன்னொரு படலம். அதற்குப் பெயர் டர்பிடைட், அந்த ஓட்டத்துக்குக் கலங்கல் நீரோட்டம் என்று பெயர். ஆர்னால்ட் பௌமா என்ற புவியியலாளர் 1962-இல் இந்தப் படலத்தை அடியிலிருந்து உச்சிவரை ஐந்து பட்டைகளாகப் பிரித்துக் காட்டினார், இன்றைக்கும் பாறை படிப்பவர்கள் அந்த வரிசையைத்தான் தேடுகிறார்கள்.

இது தொட்டிக்குள் மட்டும் நடக்கும் வித்தை என்று யாராவது சொன்னால் 1929 நவம்பர் 18-ஐச் சொல்லுங்கள். கனடாவின் கிராண்ட் பேங்க்ஸ் ஓரத்தில் 7.2 அளவில் நிலநடுக்கம். அட்லாண்டிக்குக்குக் குறுக்கே போட்டிருந்த தந்தி கேபிள்கள், பக்கத்தில் இருந்தவை உடனே அறுந்தன. தெற்கே, மேலும் ஆழத்தில் இருந்தவையோ ஒன்றன்பின் ஒன்றாக, கடைசிக் கேபிள் 13 மணி 17 நிமிஷம் கழித்து அறுந்தது. ஒவ்வொன்றும் எந்த நிமிஷத்தில் செத்தது என்று தந்தி நிலையங்களில் பதிவு இருந்தது. 1952-இல் புரூஸ் ஹீசன், மாரிஸ் யூவிங் என்ற இரண்டு கடலடி ஆய்வாளர்கள் அந்த நேரங்களையும் கேபிள்களுக்கு நடுவே உள்ள தூரத்தையும் வைத்து, அடியோடு ஓடிய ஒரு சேற்று வெள்ளத்தின் வேகத்தைக் கணக்கிட்டார்கள். வேகமான பகுதியில் அது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். 2020 ஜனவரியில் காங்கோ ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து கிளம்பிய ஒரு கலங்கல் நீரோட்டம் 1100 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, போகப்போக வேகம் கூடி, வழியில் இன்டர்நெட் கேபிள்களை அறுத்தது. வழியிலிருந்த சேற்றையும் வாரிக்கொண்டு போவதால் பாரம் கூடும், பாரம் கூடினால் வேகம் கூடும். ஆழ்கடல் அமைதியான இடம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

பாரத்தைக் கணக்குப் போடுங்கள்

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 5 கிலோமீட்டர் ஆழமான ஒரு கடலைச் சேற்றால் நிரப்பினால் எத்தனை கிலோமீட்டர் சேறு பிடிக்கும்? ஐந்து என்று சொல்லத் தோன்றும். தவறு.

புவியின் மேலோடு கீழே இருக்கும் கவசத்தின்மேல் படகு மாதிரி மிதக்கிறது. படகில் மூட்டை ஏற்றினால் படகு தாழும், தாழ்ந்தால் இன்னும் மூட்டைக்கு இடம் கிடைக்கும். கணக்கு எளிது: கவசத்தின் அடர்த்தியிலிருந்து கடல்நீரின் அடர்த்தியைக் கழியுங்கள் (கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற அளவில் 3.3 கழித்தல் 1.03, அதாவது 2.27). அதை, கவசத்தின் அடர்த்தியிலிருந்து வண்டலின் அடர்த்தியைக் கழித்து வரும் எண்ணால் வகுங்கள். ஓரளவு இறுகிய வண்டல் 2.3 என்று வைத்தால் கீழே 1.0 வரும், விடை 2.27. ஆக 5 கிலோமீட்டர் ஆழத்தில் 11 கிலோமீட்டர் வண்டல் பிடிக்கும். ஆனால் புதையப் புதைய வண்டல் இறுகிப் பாறையாகும். அடர்த்தியை 2.6 என்று மாற்றிப் போடுங்கள், விடை 3.24, அதாவது 16 கிலோமீட்டர்.

வங்காள விரிகுடாவின் வடமுனையில் நில அதிர்வு அலைகளை வைத்து மதிப்பிட்ட வண்டலின் அதிகபட்சத் தடிமன் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். எவரெஸ்ட்டை இரண்டு தடவை அடுக்கினாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். முதன்முதலில் இந்தக் கணக்கை ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் போட்டு, விடை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி போட்டுப் பார்த்தேன்.

படகு உவமையில் ஒரு குறை உண்டு. மேலோடு துண்டு துண்டாகத் தாழ்வதில்லை, கயிற்றுக் கட்டில் மாதிரி. நடுவில் ஒருவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து சரிவார். ஆழ்கடலில் குவியும் வண்டல் தனக்கடியில் இருக்கும் தரையை மட்டும் அழுத்துவதில்லை, பல நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தையும் இழுத்து வளைக்கிறது. கண்டத்தின் ஓரம் அதனால் தாழ்கிறது, தாழ்ந்த ஓரத்தில் புதிதாகத் திட்டு படிகிறது. இப்படித்தான் ஒரு விளிம்பு காலப்போக்கில் கடலைப் பார்த்து நகர்கிறது.

சரி, எவ்வளவு காலம்? இந்தியாவின் கிழக்குக் கரை அண்டார்ட்டிகாவிலிருந்து பிரியத் தொடங்கி ஏறத்தாழ 13 கோடி வருஷம் ஆகிறது. ஆசியாவோடு மோதி 5 கோடி வருஷம். அந்த மோதலுக்கப்புறம்தான் இமயமலையும் அதன் மண்ணும். இன்றைக்கு வங்காள விசிறி என்று அழைக்கப்படும் இந்தக் குவியல் 3000 கிலோமீட்டர் நீளம், உலகத்தின் மிகப் பெரிய கடலடி விசிறி. இலங்கையைத் தாண்டி, நிலநடுக்கோட்டையும் தாண்டித் தெற்கே போகிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கேயும் இமயமலையின் துகள் கிடக்கிறது என்பது எனக்கு இன்றும் பழகிப்போகாத ஒரு உண்மை.

நில அதிர்வுப் படத்தில் மூன்று உருவங்களைத் தேடுங்கள்

கப்பலிலிருந்து ஒலி அனுப்பி, தரைக்கடியில் உள்ள படலங்களில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்த படங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் நிறையக் கிடைக்கும். கறுப்பு வெள்ளைக் கோடுகளாக இருக்கும், பார்த்ததும் மிரட்டும். நிலைக்குத்து அச்சு பெரும்பாலும் மீட்டரில் இருக்காது, விநாடியில் இருக்கும், போய்த் திரும்பும் நேரம் அது. தண்ணீரில் ஒலி விநாடிக்கு 1500 மீட்டர் போகும், ஆகவே தண்ணீருக்குள் ஒரு விநாடி என்றால் 750 மீட்டர் ஆழம். மேலடுக்கு வண்டலில் சுமார் 2000 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் ஒரு விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். இது ஒன்று தெரிந்தால் படத்தில் பாதி திறந்துவிடும்.

அப்புறம் மூன்று உருவங்கள். முதலாவது, சிறகு விரித்த பறவை: நடுவில் ஒரு பள்ளம், இருபுறமும் மெலிந்துகொண்டே போகும் கரை. கலங்கல் நீரோட்டம் கால்வாயில் ஓடும்போது அதன் மேற்பகுதி கரை தாண்டி வழிந்து, வழிந்த சேறு இருபுறமும் படிந்து கரையை உயர்த்துகிறது. டெல்டாவில் ஆற்றங்கரை மேடாவதும் இப்படித்தான். கால்வாய் சுற்றுப்புறத்தைவிட மேலே ஏறி நிற்கும், ஒருநாள் கரை உடைத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். காவிரி, கொள்ளிடக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வங்காள விசிறி முழுக்க இப்படிக் கைவிடப்பட்ட பறவைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்து கிடக்கின்றன. அந்தக் கால்வாய்களுக்குள் இருக்கும் மணலுக்கு விலையும் உண்டு, கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் 2002-இல் கண்டுபிடித்த டி6 எரிவாயு இம்மாதிரிப் புதைந்த கால்வாய் மணலில் இருந்ததுதான்.

இரண்டாவது, அடுக்கிவைத்த காகிதம் மாதிரி இணையான கோடுகள். அது அமைதியான காலம், நுண்சேறும் மிதவை உயிரிகளின் ஓடுகளும் மெல்லப் படிந்தவை. ஆயிரம் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர், சில இடங்களில் அதுவும் இல்லை. விரைவாகக் கடந்துபோகலாம்.

மூன்றாவது, கலைந்த குப்பை மாதிரி, ஒழுங்கே இல்லாத ஒரு பட்டை. அது சரிவு. சரிவின்மேல் வண்டல் வேகமாகக் குவிந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியேற நேரம் இருக்காது, துகள்களுக்கு நடுவே அழுத்தம் ஏறும், அப்புறம் 1 டிகிரி சாய்வில்கூட ஒரு மாவட்டம் அளவு தரை வழுக்கி ஓடிவிடும். நார்வே ஓரத்தில் ஸ்டோரெக்கா என்ற இடத்தில் சுமார் 8000 வருஷங்களுக்கு முன் 3000 கன கிலோமீட்டர் வண்டல் இப்படி ஓடி, சுனாமி ஸ்காட்லாந்துவரை ஏறியது.

இவற்றைப் பார்க்கும்போது கடல்மட்டத்தை மறந்துவிடாதீர்கள். 20,000 வருஷங்களுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணையில் தண்ணீரே கிடையாது. ஆறுகள் திட்டைக் கடந்து ஓடி, மண்ணை நேராகச் சரிவின் உச்சியில் கொட்டின. புதுச்சேரி, கடலூருக்கு எதிரே சரிவில் பள்ளத்தாக்குகள் கீறியிருப்பதை உங்கள் வரைபடத்தில் பார்க்கலாம். இன்றைய ஆற்று முகத்துவாரம் அவற்றின் தலைமாட்டிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டது, கடல் ஏறிவிட்டதால். காவிரி மண்ணில் பெரும்பகுதி 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையிலேயே நின்றுவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்வாட்ச் ஆஃப் நோ கிரவுண்ட் மட்டும் கடல் ஏறியும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் அதன் தலை திட்டுக்குள் அவ்வளவு தூரம் உள்ளே வந்திருப்பதுதான்.

கையால் தொட்டுப் பார்க்க

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போகிறவர்கள் காரை கிராமத்தருகே உள்ள செம்மண், சாம்பல் நிற ஓடைவெட்டு நிலத்தைப் பாருங்கள். கிரெட்டேசியஸ் காலத்தில், சுமார் 10 கோடி வருஷம் முன்னால், காவிரிப் படுகை கடலாக இருந்தபோது படிந்த களிப்பாறை. உடைந்துபோன கண்டத்தின் ஓரம் தாழ்ந்து, அதில் கடல் ஏறி, அந்தக் கடலில் சேறு விழுந்த கதையின் முதல் அத்தியாயம் காலடியில் கிடக்கிறது. வெயில் சாயும் நேரத்தில் போனால் ஜிப்சம் நரம்புகள் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும். குனிந்தால் விரல் தடிமனில் தோட்டா வடிவக் கற்கள் தட்டுப்படலாம், பெலம்னைட் என்ற கணவாய் இனத்தின் உள்ளோடு அது. பாருங்கள், படம் எடுங்கள், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள், ஏற்கெனவே நிறையப் போய்விட்டது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று கடல் படிவத்துக்குள் படுத்திருக்கிறது, கரையிலிருந்து அடித்துவரப்பட்டுக் கடலில் மூழ்கிய மரம். அதையும் பார்த்துவிட்டு வரலாம்.

டர்பிடைட்டையே தொட வேண்டுமானால் அந்தமான். போர்ட் பிளேரில் கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் அலை இறங்கும் நேரத்தில் சாய்ந்து நிற்கும் பாறை அடுக்குகளைப் பாருங்கள்: மணற்பாறை, களிப்பாறை, மணற்பாறை, களிப்பாறை என்று புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி. ஒரு மணற்பாறை அடுக்கைத் தேர்ந்தெடுத்து, அடியிலிருந்து மேலாக விரலால் தடவுங்கள். அடியில் சொரசொரப்பு, போகப்போக வழவழப்பு. மீன்தொட்டியில் பார்த்த அதே படலம், மூன்று நாலு கோடி வருஷ வயதில். ஆழ்கடலில் படிந்தது எப்படித் தண்ணீருக்கு மேலே வந்தது? இந்தியத் தட்டு கிழக்கே அகழிக்குள், அதாவது ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் போகும் ஆழ்கடல் பள்ளத்துக்குள், நுழையும்போது மேலிருக்கும் வண்டலில் ஒரு பகுதி உள்ளே போகாமல், தேங்காய் துருவியில் துருவல் குவிகிற மாதிரி வழித்தெடுக்கப்பட்டுக் குவிந்து, தீவாக எழுந்தது.

இங்கேதான் நம் கரைக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். சுமத்ராவுக்கு மேற்கே அகழிக்குள் நுழையும் வண்டல் 4, 5 கிலோமீட்டர் தடிமன், பெரும்பகுதி இமயமலையிலிருந்து வந்த மண். 2016-இல் சர்வதேச ஆழ்கடல் துளையிடும் பயணம் ஒன்று அதைத் துளைத்து எடுத்தது. அவ்வளவு தடிமனில் புதைந்ததால் ஆழத்திலிருக்கும் வண்டல் சூடேறி, கனிமங்களுக்குள் கட்டுண்டிருந்த தண்ணீரை அகழியை அடையும் முன்பே இழந்துவிடுகிறது, அதனால் கெட்டிப்படுகிறது என்று கண்டார்கள். மிருதுவான சேறாக இருந்திருந்தால் அகழிக்குப் பக்கத்தில் 2004 நிலநடுக்கத்தின் உடைப்பு தேய்ந்து நின்றிருக்கக்கூடும். கெட்டியாக இருந்ததால் உடைப்பு கடல்தரைக்கு அருகிலேயே வரை ஓடிவந்து, தரையைத் தூக்கி, தண்ணீரைத் தள்ளியது என்பது அவர்கள் விளக்கம். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தில் ஏறிய அலைக்குப் பின்னால் இமயமலையின் மண்ணும் இருந்தது.

காலத்தைப் படிக்க ஒரு வரிசைத் துளை

கடைசியாக ஒரு சந்தேகம் வரும், எனக்கும் வந்தது: விசிறியில் ஏதோ ஓரிடத்தில் ஒரே ஒரு ஆழமான துளை போட்டால் முழு வரலாறும் கிடைக்காதா? கிடைக்காது. கால்வாய் அலைந்துகொண்டே இருப்பதால் ஓரிடத்தில் மணல் வந்து, அப்புறம் பல்லாயிரம் வருஷம் எதுவும் வராமல் இருக்கும். அந்த இடைவெளியைப் பார்த்து இமயமலையில் தேய்மானம் நின்றுவிட்டது என்று முடிவுக்கு வந்தால் பெரிய பிழை. அதனால்தான் 2015-இல் ஜோய்டீஸ் ரெசல்யூஷன் என்ற ஆழ்கடல் துளையிடும் கப்பல் 8 டிகிரி வடக்கு அட்சரேகை நெடுக, கிழக்கு மேற்காக ஏழு இடங்களில் துளைத்தது. ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் ஆறு நகர்ந்ததா, மலை மாறியதா என்று பிரிக்க முடியும். அந்தத் துளைகளில் வந்த மணலின் படங்களைத் தேடிப் பாருங்கள், மைக்கா நிறைந்து மினுமினுக்கும். இமயமலைப் பாறையின் அடையாளம் அது.

நீங்களாகவே செய்ய ஒரு பயிற்சி. மூன்றாவது கோடு ஒன்று இழுங்கள், திருகோணமலைத் துறைமுக வாயிலிலிருந்து வடகிழக்கே. அங்கே திட்டு என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது, கொட்டியாரக் குடாவிலிருந்தே தரை பள்ளத்தாக்காக ஆழத்துக்கு விழும். மகாவலி ஆறு வந்து சேரும் இடத்தையும் அதே படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கின் தலை எங்கே, ஆற்றின் வாய் எங்கே, 120 மீட்டர் தண்ணீரை இறக்கிவிட்டால் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் மிஞ்சும் என்று அளந்து எழுதிவைத்துக்கொண்டு, அப்புறம் புதுச்சேரிக் கோட்டுக்குத் திரும்பிப் போய் அதே அளவை அங்கேயும் எடுங்கள்.